நன்றிக்கும் கெஞ்சலுக்கும் நடுவே

நேர்முகத் தேர்வு முடிந்தபின் அனுப்பும் நாலு வரிக் கடிதம் வேலையை வாங்கித் தந்துவிடாது. ஆனால் தப்பாக எழுதினால் கெடுத்துவிடும். எழுதவே கூடாத இடங்களும் உண்டு.

இன்டர்வியூ முடிந்து வெளியே வரும் இளைஞருக்கு உடனடியாக மூன்று வேலைகள். முதலில் கழுத்து டையைத் தளர்த்துவது. பிறகு வீட்டுக்கு போன் செய்து, "பரவாயில்லை, நன்றாகத்தான் செய்திருக்கிறேன்" என்று சொல்வது. மூன்றாவது, பதில் தெரியாமல் விழித்த அந்த ஒரு கேள்வியை நினைத்து நினைத்து மருகுவது. நாலாவதாகவும் ஒரு வேலை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ அதைச் செய்வதா, வேண்டாமா என்ற குழப்பம். தன்னைச் சந்தித்துப் பேசியவர்களுக்கு நன்றி தெரிவித்து ஒரு சிறு கடிதம் எழுதுவதுதான் அது.

அமெரிக்காவில் இது வெகுநாளைய வழக்கம். 1970-இல் ரிச்சர்ட் போல்ஸ் எழுதி வெளியிட்டு, பின்னர் எத்தனையோ பதிப்புகள் கண்ட 'வாட் கலர் இஸ் யுவர் பாராசூட்?' என்ற வேலை தேடுவோருக்கான கையேடு, நன்றிக் கடிதத்தை விண்ணப்பதாரரின் கடமைகளில் ஒன்றாகவே வைத்தது. 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு இந்தியாவில் கடை விரித்த பன்னாட்டு நிறுவனங்களோடு இந்தப் பழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. இன்று பெங்களூர், குர்கான், ஐதராபாத் அலுவலகங்களில் இது அதிசயமல்ல. ஆனால் வந்த பழக்கம் ஏற்கெனவே இங்கிருந்த வேறொரு பழக்கத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சிக்கலே அதில்தான்.

இங்கிருந்த பழக்கம் மனு எழுதுவது. வேலைக்கான கடிதம் என்றாலே 'கனம் பொருந்திய ஐயா அவர்களின் சமூகத்துக்குத் தாழ்மையுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்' என்று தொடங்கி, 'வேலை அளித்தால் மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும் வண்ணம் உழைப்பேன் என்று உறுதி கூறுகிறேன்' என்று முடியும். ஆங்கிலத்தில் எழுதினாலும் 'ஐ பெக் டு ஸ்டேட்', 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று அதே குனிவுதான். வெள்ளைக்காரத் துரைக்கு எழுதப் பழகிய அந்த நடையைப் பள்ளிக்கூடங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் பல தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. இந்தப் பயிற்சியோடு வளர்ந்த ஒருவரிடம் நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால் அவர் கை தானாகவே மனுதான் எழுதும்.

இன்னொரு தடையும் உண்டு. தமிழில் நன்றி என்பது கனமான சொல். திருக்குறளின் பதினோராவது அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்றுதான் பெயர். அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த உதவி. அதை மறவாமல் இருப்பதே அறம். வீட்டில் அம்மா சோறு போட்டதற்கோ, அண்ணன் ரயிலேற்றிவிட்டதற்கோ யாரும் நன்றி சொல்வதில்லை. வாய்வார்த்தையாகச் சொல்ல வேண்டியிருந்தால் 'தேங்க்ஸ்' என்று முடித்துக்கொள்கிறோம். இப்படிப் பழகியவருக்கு, இன்டர்வியூ நடத்தியவர் தனக்கு என்ன உதவி செய்துவிட்டார் என்று நன்றி சொல்வது என்ற சந்தேகம் வருவது இயற்கை. ஒன்று, எதுவும் எழுதாமல் விட்டுவிடுகிறார். இல்லாவிட்டால், எழுத உட்கார்ந்து, ஆயுள் முழுக்க மறவேன் என்கிற அளவுக்குப் போய்விடுகிறார்.

எழுதக் கூடாத இடங்கள்

முதலில் எங்கே எழுதக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தப்பினால் நஷ்டம் அதிகம் உள்ள பகுதி அதுதான்.

அரசு வேலை, பொதுத்துறை நிறுவனம், வங்கித் தேர்வு, ராணுவ அதிகாரித் தேர்வு ஆகியவற்றில் தேர்வுக்குழுவினருக்குத் தனிப்பட்ட முறையில் கடிதம் எழுதுவது கூடவே கூடாது. 'கான்வாசிங்', அதாவது எந்த வகையிலாவது ஆதரவு திரட்ட முயல்வது தகுதியிழப்புக்குக் காரணமாகும் என்ற வரி அரசு வேலை அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது. எழுதியவர் மனதில் வெறும் மரியாதைதான் இருந்தது என்பதை அந்த வரி கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் சிவில் சர்வீசஸ் தேர்வை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 2,025 மதிப்பெண்களில் ஆளுமைத் தேர்வுக்கு 275. டெல்லி ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுசுக்குப் போகும் வரை, எந்தக் குழுவின் முன் உட்காரப் போகிறோம் என்பது விண்ணப்பதாரருக்குத் தெரியாது. யாருக்கும் யாரையும் முன்கூட்டித் தெரியக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அந்தக் குழு உறுப்பினர் ஒருவரின் முகவரியைத் தேடிப் பிடித்து நன்றி எழுதுவது அந்த ஏற்பாட்டையே தட்டிப் பார்ப்பதாகும். வங்கி அதிகாரிகளுக்காக ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்விலும் இதே கதைதான். அங்கே எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில் மதிப்பெண்கள் சேர்க்கப்படுகின்றன. நேர்முகம் முடிந்த பிறகு அந்தக் கணக்கில் கடிதத்துக்கு இடமில்லை. ராணுவத்தின் சர்வீசஸ் செலக்ஷன் போர்டில் ஐந்து நாள் சோதனை முடிந்ததும் யார் பெயர் பரிந்துரைக்கப்பட்டது என்பதை அங்கேயே அறிவித்துவிடுகிறார்கள். கடிதம் எழுத அவகாசம்கூட இல்லை.

நேர்முகத் தேர்வையே சந்தேகத்தோடு பார்க்கும் நாடு இது என்பதையும் மறக்கக் கூடாது. கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகம் எதற்கு, அது சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும்தானே வழிவிடுகிறது என்ற கேள்வியைப் பிரதமர் நரேந்திர மோதி 2015 சுதந்திர தின உரையில் எழுப்பினார். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளுக்கும், கெஜட் பதிவு பெறாத குரூப் 'பி' பணிகளுக்கும் நேர்முகத் தேர்வு கைவிடப்பட்டது. இத்தனை சந்தேகம் படிந்த ஓர் இடத்தில் மரியாதைக் கடிதமும் சிபாரிசுக் கடிதம் போலத்தான் தோன்றும். கூடவே ஓர் இனிப்புப் பெட்டியும் போனால் கேட்கவே வேண்டாம். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி.

கல்லூரி வளாகத் தேர்வுகளும் ஏறக்குறைய இதே ரகம். ஐ.ஐ.டி.களில் டிசம்பர் 1 அன்று தொடங்கும் முதல் கட்டத்தில் காலையில் இன்டர்வியூ, மாலையில் முடிவு என்று சக்கரம் சுழல்கிறது. நிறுவனங்களோடு மாணவர்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது, எல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத்தான் என்பது பல கல்லூரிகளின் விதி. அங்கே நன்றி சொல்ல வேண்டியது அந்த அலுவலகத்தில் இரவு பகலாக ஓடியாடிய ஊழியர்களுக்கும் மாணவத் தொண்டர்களுக்கும்தான். அவர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

எழுத வேண்டிய இடங்கள்

மற்றபடி, தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. முடிவெடுப்பவரே எதிரே உட்கார்ந்து பேசிய சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகள், தனியார் பள்ளிகள், மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள், மென்பொருள் கம்பெனிகள் - இங்கெல்லாம் நன்றிக் கடிதம் வரவேற்கப்படும். குறைந்தபட்சம், தப்பாக எடுத்துக்கொள்ளப்படாது.

அது என்ன சாதிக்கும்? மோசமாகப் போன இன்டர்வியூவை நல்லதாக்காது. ஐந்து பேரில் ஐந்தாவதாக இருப்பவரை முதலாவதாக்காது. ஆனால் முதல் இருவரிடையே முடிவெடுக்கத் தயங்கும் அதிகாரியின் முன்னால், ஒருவர் தான் பேசியதைக் கவனித்துக் கேட்டிருக்கிறார், கேட்ட காகிதத்தைச் சொன்னபடி அனுப்பியிருக்கிறார் என்பதற்கு ஓர் அத்தாட்சியாக அது இருக்கும். நாளைக்கு வாடிக்கையாளருக்கும் இவர் இப்படித்தான் எழுதுவார் என்று அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். அதாவது, நன்றிக் கடிதம் என்பது இன்டர்வியூவின் கடைசிக் கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

இரண்டு கடிதங்கள்

நாடெங்கும் மேலாளர்களின் மேஜைக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை இப்படி இருக்கும்:

"வணக்கத்துக்குரிய ஐயா, தங்களைப் போன்ற பெரியவரைச் சந்தித்தது என் பாக்கியம். என் தந்தை ஓய்வு பெற்றுவிட்டார். தங்கைக்கு இன்னும் திருமணமாகவில்லை. எங்கள் குடும்பமே இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. தாங்கள் மனம் வைத்தால் எங்கள் வீட்டில் விளக்கெரியும். என்றும் தங்களை மறவேன்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். படிப்பவர் கல் நெஞ்சக்காரராகவும் இல்லாமல் இருக்கலாம். இருந்தும் இந்தக் கடிதம் எழுதியவருக்கு எதிராகவே வேலை செய்யும். வேலையைத் தகுதிக்கான கூலி என்ற இடத்திலிருந்து இறக்கி, தர்மம் என்ற இடத்தில் வைத்துவிடுகிறது அது. மேலும், வரிசையில் நிற்கும் மற்ற நால்வர் வீட்டிலும் தங்கைகள் இருப்பார்கள் என்பது அந்த அதிகாரிக்குத் தெரியும். ஒருவருடைய கஷ்டத்தைப் பார்த்து முடிவெடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் செய்தவராவோம் என்ற சங்கடத்தில் அவர் கடிதத்தை மூடி வைத்துவிடுவார். தப்பித் தவறி வேலை கிடைத்துவிட்டாலும் தொல்லை தீராது. கெஞ்சி வாங்கிய வேலையில் சம்பள உயர்வு கேட்க வாய் வராது.

இன்னொரு கடிதத்தைப் பார்க்கலாம். புனேயில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர் வேலைக்கு மதுரைக்காரர் ஒருவர் போய் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆங்கிலத்தில் எழுதினாலும் விஷயம் இவ்வளவுதான்:

"மதிப்புக்குரிய ஐயா, பராமரிப்புப் பொறியாளர் பணிக்காக இன்று காலை என்னைச் சந்தித்துப் பேசியதற்கு நன்றி. இரவு ஷிஃப்டில் இயந்திரம் நின்றுபோனால் பொறுப்பு யாருடையது என்று நீங்கள் விளக்கியதிலிருந்து இந்தப் பணியின் தன்மை எனக்குத் தெளிவானது.

பம்ப்பில் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் வந்து, நீர் வரத்தும் குறைந்தால் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டீர்கள். நான் பேரிங் தேய்மானம் என்று சொன்னேன். உறிஞ்சு குழாயின் வடிகட்டி அடைபட்டு 'கேவிட்டேஷன்' ஏற்பட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

நீங்கள் கேட்ட அனுபவச் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். இந்தப் பணியில் என் ஆர்வம் கூடியிருக்கிறது. முடிவு எப்போது தெரியும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இந்தக் கடிதத்தில் நன்றி ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் குறிப்பிட்ட ஒன்றுக்காக: நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு. அடுத்ததாக, அந்த அறையில் நடந்த, வேறு யாரும் எழுத முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. மூன்றாவது பத்தி ஒரு வாக்குறுதியை நிறைவேற்றுகிறது. கடைசி வரி ஒரு நியாயமான கேள்வி. எங்கேயும் குனிவு இல்லை. நிமிர்ந்து முறைக்கவும் இல்லை. ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம்.

தவறிப்போன பதிலைத் திருத்திக்கொள்ளும் அந்தப் பத்தி எல்லோருக்கும் தேவைப்படாது. பதில் தவறு என்று தனக்கே நிச்சயமாகத் தெரிந்தால், ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும், இரண்டே வாக்கியங்களில் எழுதலாம். சொதப்பிய ஏழு கேள்விகளுக்கும் விடைத்தாள் தயாரித்து அனுப்பினால் இன்டர்வியூவில் மறந்துபோனதையெல்லாம் அதிகாரிக்கு ஞாபகப்படுத்தியதாகத்தான் முடியும்.

கடிதத்தில் வாக்குக் கொடுக்கும்போதும் கவனம் தேவை. 'எந்தச் சம்பளமானாலும் சரி', 'நாளைக்கே வந்து சேருகிறேன்', 'மூன்று வருடம் விலகமாட்டேன்' என்பதெல்லாம் நன்றிக் கடிதத்தில் இருக்க வேண்டியவை அல்ல. மின்னஞ்சலும் எழுத்துதான். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்திருக்கிறது. பின்னால் சம்பளம் பேச உட்காரும்போது எழுதியதை எடுத்துக் காட்டுவார்கள்.

பெயர் படுத்தும் பாடு

வடக்கே வேலை தேடும் தமிழர்களுக்கு இன்னொரு தொல்லை, பெயர். எஸ். முருகன் என்று மெட்ரிக் சான்றிதழில் இருப்பவர், குடும்பப் பெயர் கட்டாயம் என்று சொல்லும் இணையப் படிவத்தில் இனிஷியலை விரித்து முருகன் சுப்பிரமணியன் ஆகிறார். டெல்லி அலுவலகம் அவரை 'மிஸ்டர் சுப்பிரமணியன்' என்று அழைக்கிறது. அதாவது அவர் அப்பாவை. இந்த நிலையில் நன்றிக் கடிதத்தில் வெறுமனே 'முருகன்' என்று கையெழுத்திட்டால், இவர் யார் என்று மனிதவளத் துறை தேட வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் எந்தப் பெயரோ அதையே எழுதி, பதவியின் பெயர், விண்ணப்ப எண், இன்டர்வியூ நடந்த தேதி, செல்பேசி எண் ஆகியவற்றையும் சேர்ப்பது நல்லது.

எதிர்த்தரப்பின் பெயரிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். பெயரை வைத்து ஆணா, பெண்ணா என்று ஊகித்து 'டியர் சார்' போடுவது ஆபத்து. கிரண், ஜஸ்பிரீத் போன்ற பெயர்கள் இரு பாலாருக்கும் உண்டு. எழுத்துக்கூட்டல் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கப்பட வேண்டும். சாட்டர்ஜி, பானர்ஜி என்று குழப்பினால் உள்ளே எழுதிய நன்றியெல்லாம் வீண். மரியாதைச் சொல்லை அந்த அலுவலகத்தின் பழக்கமே தீர்மானிக்கும். மென்பொருள் கம்பெனிகளில் தலைமை அதிகாரியையே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குடும்பத்தினர் நடத்தும் பழைய வணிக நிறுவனத்தில் அப்படி எழுதினால் முகம் சுளிப்பார்கள். அங்கிருந்து வந்த அழைப்புக் கடிதம் எப்படித் தொடங்குகிறதோ, அதே பாணியைப் பின்பற்றினால் தவறு நேராது.

நேரமும் தபாலும்

தபாலை நம்பியிருந்த காலத்தில் மதுரையில் போட்ட கடிதம் டெல்லி போய்ச் சேர்வதற்குள் முடிவே எடுக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் நன்றிக் கடிதம் வேர் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் தப்பில்லை. மின்னஞ்சல் வந்து அந்தச் சாக்கைப் பறித்துவிட்டது. இன்டர்வியூ நடந்த அன்று மாலையோ, மறுநாளோ அனுப்பிவிடலாம். அறையை விட்டு வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் அனுப்பினால் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் நன்றியாக இராது, ஞாபகமூட்டலாகத்தான் இருக்கும்.

யார் முகவரிக்கு அனுப்புவது? 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபின் காணொளி நேர்முகங்கள் பெருகிவிட்டன. அதற்கு வரும் அழைப்பிதழிலேயே பெரும்பாலும் குழுவில் உள்ள எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். நேரில் போனவர் கிளம்பும்போது விசிட்டிங் கார்டு கேட்டு வாங்கலாம், கேட்பதில் தவறில்லை. இரண்டும் இல்லையென்றால், அழைப்பு அனுப்பிய மனிதவளத் துறை ஊழியருக்கு ஒரே கடிதம் எழுதி, குழுவினருக்கும் தெரிவிக்கும்படி கேட்டால் போதும். தனிப்பட்ட செல்பேசி எண்ணை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் அனுப்புவது கூடாது. நூறு பேர் வரிசையில் நின்ற 'வாக்-இன்' நேர்முகத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் கிடைத்தது என்றால், அங்கே எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் ஒரு புதிய வியாதி பரவியிருக்கிறது. ஒரே பதவிக்குப் போன பலரிடமிருந்து ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள், குற்றமற்ற ஆங்கிலத்தில், ஒரே உற்சாகத்தோடு வந்து குவிகின்றன. ஆங்கிலம் தடுமாறுகிறவர் பிழை திருத்த இயந்திரத்தின் உதவியை நாடுவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. கூழாங்கல் சத்தம் போன்ற ஒரு வரியை எழுதியவர்தான் தர முடியும். அந்த ஒரு வரி இல்லாத கடிதத்தை அனுப்புவதும் அனுப்பாததும் ஒன்றே.

இல்லை என்று சொன்ன பிறகு

நன்றிக் கடிதத்துக்கு அதிகப் பயன் இருப்பது, வேலை இல்லை என்று தெரிந்த பிறகுதான். இதை யாரும் நம்புவதில்லை.

இந்திய மென்பொருள் துறையில் வேலையை விட மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சாதாரணம். அந்த மூன்று மாதத்தில் ஆஃபர் வாங்கியவர் அதைக் காட்டி இன்னொரு ஆஃபர் வாங்குகிறார். பழைய கம்பெனியே சம்பளத்தைக் கூட்டி இருக்க வைத்துக்கொள்கிறது. சேர வேண்டிய நாளன்று அவர் வருவதில்லை. நிறுவனம் தலையில் கை வைத்துக்கொண்டு பழைய பட்டியலைப் புரட்டும்போது, இரண்டாவது இடத்தில் இருந்தவரின் பெயர் ஞாபகத்துக்கு வர வேண்டும். 'முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. பின்னால் இதுபோன்ற வாய்ப்பு இருந்தால் என்னையும் கருத்தில் கொள்ளவும்' என்று இரண்டு வரி எழுதிவைத்தவர் அப்போது முன்னால் நிற்பார். ஏன் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று சண்டை போட்டு எழுதியவர் பட்டியலில் இருந்தே காணாமல் போயிருப்பார்.

பரிந்துரைத்த நண்பரையும் விட்டுவிடக் கூடாது. தனியார் நிறுவனங்களில் ஊழியர்கள் தமக்குத் தெரிந்தவர்களின் பெயரைக் கொடுப்பது வெளிப்படையான, விதிகளுக்கு உட்பட்ட ஏற்பாடு; பல இடங்களில் அதற்கு ஊக்கத்தொகையும் உண்டு. வேலை கிடைத்ததோ இல்லையோ, என்ன நடந்தது என்று அந்த நண்பருக்கு ஒரு வரி சொல்வது மரியாதை. முடிவை அவர் மூன்றாம் ஆளிடமிருந்து தெரிந்துகொள்ள நேர்ந்தால், அடுத்த முறை பெயர் கொடுக்கமாட்டார்.

பதிலுக்கு வரும் பொறி

நன்றிக் கடிதத்துக்குப் பதில் வரும்போதும் உஷார் தேவை. 'வாழ்த்துகள், தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர்கள்' என்று தொடங்கி, திரும்பத் தரப்படும் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று ஏதாவதொரு பெயரில் சில ஆயிரங்கள் கேட்டால் அது மோசடி. வேலை கொடுக்கப் பணம் வாங்குவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் திரும்பத் திரும்ப அறிவித்துவருகின்றன. மின்னஞ்சல் முகவரி அந்த நிறுவனத்தின் சொந்த முகவரிதானா, யாரும் தொடங்கக்கூடிய இலவச முகவரியா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் மோசடிக்காரருக்கு லாபம். வேலைக்காக நன்றி சொல்லும் மனநிலையில் இருப்பவர்தான் எளிதில் ஏமாறுகிறார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

உண்மையான நிறுவனத்திடமிருந்து பதிலே வராவிட்டால்? அவர்கள் சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் பொறுக்கலாம். பிறகு ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைத் தேடப் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் இந்த மௌனத்தை மரியாதை என்று யாரும் சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து வரும் சிவில் சர்வீசஸ் விண்ணப்பதாரருக்குத் தேர்வாணையம் ரயில் கட்டணமாவது திருப்பித் தருகிறது. தனியார் இன்டர்வியூவுக்கு ராத்திரி பஸ்ஸில் கைக்காசு செலவழித்து வந்து, இரவல் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அரை நாள் காத்திருந்து, இருபது நிமிடம் பேசிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனையோ பேருக்கு 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்கூடக் கிடைப்பதில்லை. நேரம் ஒதுக்கியதற்கு விண்ணப்பதாரர் நன்றி சொல்ல வேண்டும் என்றால், அவரும்தான் நேரம் ஒதுக்கியிருக்கிறார். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நூறு பேருக்கும் முடிவைத் தெரிவித்துவிடலாம் என்ற காலத்தில், அதைச் செய்யாத நிறுவனம் மற்றவர்களிடம் நாகரிகத்தை எதிர்பார்ப்பது வேடிக்கை.

இன்டர்வியூ மேஜையின் இரு பக்கமும் இருப்பவர்கள் ஒரு பேரத்துக்காகத்தான் உட்காருகிறார்கள். ஒருவரிடம் வேலை இருக்கிறது, இன்னொருவரிடம் உழைப்பு இருக்கிறது. நன்றியை இந்தச் சமநிலையில் நின்று சொன்னால் அது நாலு வரியில் முடிந்துவிடும். நாலு பக்கம் தேவைப்படுகிறதென்றால், எழுதுவது நன்றிக் கடிதமல்ல, மனுதான்.